வான்வழியும் நாழிகைவழியும்

தூரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் எமக்கு மிக உவப்பானது 'நாழிகைவழி' என்பது. ஒருவன் ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தூரம் நாழிகைவழி எனப்பட்டது. நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிடம். ஆதலால் நாழிகைவழி ஏறக்குறைய ஒன்றரை மைல் என்று அகராதிகாரர் கணக்கிட்டு எழுதிவைத்தனர். ஆயினும் அச்சொல்லை நாவில் வழங்கிய வழிப்போக்கனுக்கு மைலைப் பற்றிய கவலை இருந்திராது. பொழுது சாயுமுன் ஊர் போய்ச் சேரலாமா, அன்றி வழியிலுள்ள மடத்திலே தங்கவேண்டுமா என்பதே அவன் அறிய விரும்பியது. 'கூப்பிடு தூரம்' என்பதும் அத்தகையதே. அங்கே அளவுகோல் மனிதனுடைய குரல். எமது பாட்டனார் சந்தைக்குள்ள தூரத்தைச் சுருட்டினால் அளந்தவர். ஒரு சுருட்டுப் புகைத்து முடியுமுன் போய்விடலாம் என்பார். திரும்பும்போது தலையிலே சுமை இருப்பதால் ஒன்றரைச் சுருட்டு என்பார். போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றல்ல என்பதை அக்காலத்திலேயே அறிந்துவைத்திருந்தார்.

தமிழாசிரியர் ஒருவர் யூபிலி மலரிலே ஆகாய விமானங்களைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு விஞ்ஞான ஆசிரிய நண்பர்கள் முறுவலிக்கக்கூடும். அதனை நாம் பொருட்படுத்தவில்லை. எமது கல்லூரியின் பழைய மாணவருட் பெருந்தொகையினர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். வகுப்பிலே எம்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள்ளும் அந்நகரங்களில் ஒரு தமையனோ மாமனோ சிற்றப்பனோ இல்லாதவன் அரியன். ஆகவே தொலைவு என்னும் பொருள் புவியியல் ஆசிரியருக்கு மட்டும் உரியதாக இக்கல்லூரியில் நெடுங்காலம் இருந்ததில்லை.

சென்ற ஆண்டிலே தரம் 9 மாணவன் ஒருவன், பாடத்துக்கு யாதொரு தொடர்புமின்றி, "சேர், ரொறன்ரோ எவ்வளவு தூரம்?" என்று வினவினான். நாம் பாடத்தை நிறுத்திவிட்டுப் புவியியல் அறையிலிருந்து பூகோள உருண்டையையும் சிறிது பூக்கட்டும் நூலையும் வருவித்தோம். சுவரிலே தொங்கும் தேசப்படத்தை நம்பிய மாணவர் யாவரும் கனடாவுக்குச் செல்லும் வழி நேர் மேற்கே, அராபியாவையும் ஆபிரிக்காவையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து செல்வதாகவே சொன்னார்கள். நூலின் ஒரு நுனியைக் கொழும்பிலும் மறுநுனியைப் பெரிய ஏரிகளின் கரையிலும் பிடித்து இறுக்கியபோது, அது தானாகவே வடக்கு நோக்கி வழுக்கிச் சென்றது. மேலை இந்தியா, ஆப்கானிஸ்தானத்தின் எல்லை, கசகஸ்தான், உருசியாவின் வெண்கடல், பின்லாந்தின் வடமுனை, ஐஸ்லாந்துக்கும் வடக்கே உள்ள குளிர்ந்த கடல், கிறீன்லாந்தின் பனிப்பரப்பு, லாப்ரடோர்க் கரை என்று இவற்றின் மேலாகச் சென்று ரொறன்ரோவை அடைந்தது. அந்த நூலின் நீளமே அவ்விரு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய தூரம். அது ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். உருண்டையான பொருளின் மீது நேர்கோடு இல்லை. உருண்டையின் நடுவை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லே அங்கு நேர்கோட்டின் வேலையைச் செய்கிறது. மாணவர் நூலைப் பலமுறை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தார்கள். அன்று புணர்ச்சி விதிகள் நடக்கவில்லை.

அந்த நூலின் வழியே பயணிகளை ஏற்றிக்கொண்டு இடைநில்லாது பறக்கும் விமானம் இல்லை. அத்துணைத் தூரம் பறக்க இயந்திரத்தால் இயலாது என்பதன்று காரணம். சிங்கப்பூருக்கும் நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட 15,349 கிலோமீற்றரை, 2020 ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய சேவையொன்று இடைநில்லாது பதினெட்டரை மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடக்கிறது. அதற்கெனவே அமைந்த எயார்பஸ் விமானத்தில் எரிபொருளுக்கு இடங்கொடுக்கும் பொருட்டு ஆசனங்களைக் குறைத்திருக்கிறார்கள். எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் பிரயாணம் அது. செல்வர் நகரங்கள் இரண்டினிடையே அது கட்டுபடியாகும். எமது உறவினர் சேமித்த பணத்திற் சீட்டெடுத்துச் செல்லும் வழிக்கு அது கட்டுபடியாகாது. எனவே அவர்கள் இலண்டனிலோ துபாயிலோ இறங்கி ஏறுகின்றனர். இலண்டன் வழியாகச் சென்றால் கொழும்பிலிருந்து 8,700 கிலோமீற்றரும் அப்பால் 5,700 கிலோமீற்றருமாக 14,400 ஆகிறது. நூலின் நீளத்தோடு ஒப்பிட்டால் மேலதிகம் 400 கிலோமீற்றர் மட்டுமே; ஏறக்குறைய கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தெருவழி உள்ள தூரம். வானத்திலே அது அரைமணி நேரப் பறப்பு. எனினும் அந்த இடைத்தங்கல் மனிதனிடமிருந்து வாங்கும் நேரம் எத்துணை என்பதைப் பின்னர் சொல்வோம்.

வான்வழியையும் நாழிகைவழியையும் ஒருங்கே விளக்குவதற்கு எமது நாட்டிலேயே ஒரு பெருங்கதை உண்டு. காலிக்கும் மாத்தறைக்கும் இடையே கடலோரமாக உள்ள கொக்கலை வாவியைப் பழைய மாணவர் பலர் சுற்றுலாவின்போது கண்டிருப்பர். சிங்கள இலக்கியத்தின் பேராசான் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படையினர் அங்கே தளம் அமைத்து, வாவியையே ஓடுபாதையாகக் கொண்டு நீர்விமானங்களை இறக்கினர். 1942 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததும் இலண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற விமானப் பாதை நடுவே அறுந்தது. அறுந்த நுனிகளை முடிவதற்கு எஞ்சியிருந்த வழி ஒன்றே: மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து கொக்கலை வரை, இடையிலே இறங்க ஓரிடமும் இல்லாத இந்து சமுத்திரத்தை ஒரே பறப்பிற் கடத்தல்.

தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இக்காலப் பெருவிமானம் ஒன்று ஏழு மணித்தியாலத்தளவிற் கடந்துவிடும். அன்று அதற்கெனக் கிடைத்தவை கட்டலீனா என்னும் இரட்டை இயந்திர நீர்விமானங்கள் ஐந்து. அவற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரளவு. 1943 யூன் மாத இறுதியில் குவாண்டாஸ் நிறுவனத்தின் குடிசார் விமானிகள் அவற்றைச் செலுத்தத் தொடங்கினர். எரிபொருளை நிரப்பியபின் மிஞ்சிய சுமைக்கு மூன்று பயணிகளும் எழுபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த தபாலும் மட்டுமே ஏற்றலாம். பாரத்தைக் குறைக்கும் பொருட்டு விமானத்தின் உட்புறத்திலிருந்த குளிர்காப்பு உறைகளையும் கழற்றி எறிந்தனர். யப்பானியரின் செவிக்கு எட்டாதிருக்க வானொலியை ஏறக்குறைய முற்றாக மௌனமாக்கினர். பகைவர் திரியக்கூடிய பரப்பை இருளிற் கடக்கும்படியாகப் புறப்படும் நேரத்தை வகுத்தனர். இருளில் வழிகாட்டியவை நட்சத்திரங்களே. விமானங்களுக்கு இட்ட பெயர்களும் நட்சத்திரப் பெயர்களே. அவற்றுள் ஒன்றன் பெயர் ஸ்பைக்கா. அதுவே எமது பஞ்சாங்கத்திற் சித்திரை. மற்றொன்று அன்றாரிஸ், அது கேட்டை. பஞ்சாங்கம் பார்க்கும் எமது ஊர்ப் பெரியவர் எவரும் அந்த விமானங்களைப் பெயர் சொல்லி அழைத்திருக்கலாம்.

அப்பிரயாணம் இருபத்தேழு மணித்தியாலம் முதல் முப்பத்துமூன்று மணித்தியாலம் வரை எடுத்தது. குறித்துவைக்கப்பட்டவற்றுள் மிக நீண்டது முப்பத்திரண்டு மணித்தியாலமும் ஒன்பது நிமிடமும். தமிழ்க் கணக்கிற் சொன்னால் எண்பது நாழிகை. ஒரு நாள் அறுபது நாழிகை. ஆகவே ஏறியவர் இறங்குமுன் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்டனர். அவ்வாறு கண்ட பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தில்' உறுப்பினர் என்னும் பத்திரம் ஒன்றும் வழங்கப்பட்டது. 1945 யூலை வரை இச்சேவை நீடித்தது. 271 முறை சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஒரு விமானமும் கடலில் வீழவில்லை. எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்ட பயணிகளைச் சுமந்த அவ்விமானங்களை யுத்தம் முடிந்ததும் கடன் ஒப்பந்தப்படி அவுஸ்திரேலியக் கரைக்கப்பாற் கடலில் அமிழ்த்திவிட்டனர் என்பதைப் படிக்கும்போது எமக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

இதே பேர்த் நகரிலிருந்து 2018 மார்ச்சில் இலண்டனுக்கு இடைநில்லாத சேவை தொடங்கிற்று. 14,498 கிலோமீற்றர், பதினேழு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். இரண்டரை மடங்கு தூரம், பாதி நேரம். வானத்திலே பேர்த்தும் கொக்கலையும் இடம்பெயரவில்லை. நாழிகைவழி மட்டும் சுருங்கியது.

சுருங்கியது எப்போதும் சுருங்கியதாகவே இருக்கும் என்று எண்ணற்க. தூரம் மாறாதிருக்க நேரத்தை மாற்றுவன சில உண்டு. முதலாவது காற்று. மேற்கிலிருந்து கிழக்காக, ஒன்பது பத்துக் கிலோமீற்றர் உயரத்தில், ஆற்றொழுக்குப்போல விரைந்து வீசும் காற்று ஒன்று உளது. அதனோடு செல்லும் விமானம் நீரோட்டத்தோடு செல்லும் வள்ளத்தை ஒக்கும். 2020 பெப்ரவரியில், புயலொன்று அக்காற்றை உந்திய இரவிலே, நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட பெருவிமானம் ஒன்று நான்கு மணித்தியாலம் ஐம்பத்தாறு நிமிடத்தில் இலண்டனை அடைந்தது. வழக்கமாக ஏழு மணித்தியாலத்தளவு ஆகும் வழி அது. எதிர்த்திசையிலே அதனினும் கூடும். பூமி கீழே சுழல்வதால் மேற்கே செல்பவன் விரைவில் சேர்வான் என்று எமது மாணவருட் கெட்டிக்காரர் சிலர் வாதிப்பதுண்டு. பூமியோடு வளியும் சேர்ந்தே சுழல்கிறது என்பதையும், அவர்கள் கூற்று உண்மையாயின் வகுப்பிற் துள்ளிக் குதிப்பவன் மேற்குச் சுவரில் மோதவேண்டும் என்பதையும் சொன்னால் அவர்கள் அடங்குவர். முன்வரிசையில் ஒருவன் மட்டும் துள்ளிப் பார்ப்பான்.

இரண்டாவது அனுமதி. காற்றைவிட வலியது அதுவே. பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் யப்பானின் தோக்கியோவுக்கும் இடையே 7,800 கிலோமீற்றர். சைபீரியாவின் மேலாக ஒன்பது மணித்தியாலத்தளவில் அந்த விமானங்கள் போய்வந்தன. 2022 ஆம் ஆண்டு உக்கிரேன் யுத்தம் மூண்டதும் உருசியா தன் வானத்தை மூடிற்று. அதன்பின் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே வளைந்தோ பறக்க வேண்டியதாயிற்று. பிரயாணம் பதின்மூன்று மணித்தியாலமானது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் எத்துணை என்று பூகோள உருண்டையைக் கேட்டால் அது இன்னும் 7,800 என்றே சொல்லும். உருண்டைக்குச் செய்தித்தாள் வாசிக்கத் தெரியாது.

இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவர் பின்லாந்துக்குப் போகவேண்டியதில்லை. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதத்தில் எமது தந்தையார் காலையில் ஏறிப் பிற்பகலிற் கொழும்பில் இறங்கியவர். 1990 இல் அப்புகையிரதம் நின்றது, தெருவும் மூடப்பட்டது. 1993 ஆம் ஆண்டில், எமக்குப் பதினொரு வயதாயிருக்கையில், தாயாரோடு நாம் கொழும்புக்குச் சென்றோம். கிளாலிக் கரையிலே இரவு வரும்வரை காத்திருந்து, விளக்கில்லாத வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்து, அப்பால் உழவு இயந்திரப் பெட்டியிலும் சைக்கிளிலும் பேருந்திலுமாக மூன்று நாட்களிற் போய்ச் சேர்ந்தோம். அந்த நீரேரியில் அவ்வாண்டில் உயிர்துறந்தவர் பலர்; எமது வள்ளம் கரை சேர்ந்தது. தாயார் வழி முழுவதும் ஒரு சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்டார்: "இன்னும் எவ்வளவு நேரம்?" தூரத்தைப் பற்றி அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.

அக்காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1996 இல் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. 2006 சித்திரையிலே பழைய நேரத்துக்கு மீண்டது. வன்னியில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆதலால், தெரு திறந்த 2002 ஆம் ஆண்டின்பின், ஒரு தெருவிலே சில மைல்களுக்கிடையில் அரைமணி வித்தியாசம் இருந்தது; சோதனைச் சாவடியைக் கடந்ததும் பேருந்திலுள்ளோர் கைக்கடிகாரத்தைத் திருத்துவர். ரொறன்ரோவுக்குப் போனால் ஒன்பதரை மணி வித்தியாசம் வருவது எமது பிள்ளைகளுக்கு வியப்பளிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு.

இனி, முன்னர் சொல்வோமென்று விட்ட இடைத்தங்கலின் கணக்கு. எம்மோடு ஒரே வகுப்பிற் கற்ற நண்பர் ஒருவர் 2007 ஆம் ஆண்டில் கனடா சென்றவர். தாயாருக்கு ஒரே மகன். 2018 ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் அதிகாலை நான்கு மணிக்குத் தாயார் காலமானார். ரொறன்ரோவில் அப்போது வெள்ளி மாலை ஆறரை. செய்தி சொன்னவர்கள் நாமே. அழுது ஓய்ந்தபின் அவர் கேட்டது: "நான் எப்ப வந்து சேருவன் எண்டு நீ கணக்குப் பார்த்துச் சொல்லு மச்சான். நீ சொன்னால் அங்கை எல்லாரும் நம்புவினம்."

கணக்குக்கு அவசரம் இருந்தது. முற்றத்திலே கூடிய பெரியவர்கள், கிரியை எப்போது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. குருக்களுக்குச் சொல்ல வேண்டும். பறைமேளத்துக்குச் சொல்ல வேண்டும். மரண அறிவித்தலில் நேரம் போடவேண்டும். அறிவித்துவிட்ட நேரத்தை மாற்றுவது எளிதன்று. உறவினர் ஒருவர், விமானம் பதினெட்டு மணித்தியாலத்தில் வந்துவிடும், ஞாயிறு பின்னேரம் எடுக்கலாம் என்று உறுதியாகச் சொன்னார். பறக்கும் நேரத்தைப் பொறுத்தமட்டில் அவர் சொன்னதிற் பிழையில்லை. ரொறன்ரோவிலிருந்து இலண்டனுக்கு ஏழு. இலண்டனிலிருந்து கொழும்புக்குப் பத்தரை. ஆனால் நண்பருக்குச் சீட்டுக் கிடைத்தது சனி இரவு ஒன்பது மணி விமானத்திலே. அதுவரை இருபத்தாறரை மணித்தியாலம் சென்றுவிடும். இலண்டனில் ஞாயிறு காலை ஒன்பதுக்கு இறங்கினால் கொழும்புக்குப் புறப்படும் விமானம் இரவு ஒன்பதுக்கு. பன்னிரண்டு மணித்தியாலம் அங்கே. திங்கள் நண்பகலிற் கட்டுநாயக்கா. வெளியே வர ஒன்றரை மணித்தியாலம். பின் வானில் யாழ்ப்பாணம் வர எட்டு மணித்தியாலத்துக்கு மேல். பலாலியில் ஓடுபாதை இருந்தது, அவருக்கு உதவும் விமானம் அன்று ஒன்றும் இருக்கவில்லை. நாட்காட்டித் தாளின் பின்புறத்திலே இவற்றை இலங்கை நேரத்துக்கு மாற்றி எழுதிக் கூட்டி, திங்கள் இரவு பத்து மணி என்று சொன்னோம்.

முற்றம் மௌனமாயிற்று. மூன்று இரவு வைத்திருப்பது முறையன்று என்றார் ஒரு பெரியவர். மருமகப்பிள்ளை ஒருவரைக் கொண்டு கொள்ளி வைப்பிக்கலாம் என்றார் இன்னொருவர். அவர்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. ஒரு நாளில் யாவும் முடிந்த காலத்து மனிதர்கள் அவர்கள். இறந்தவரின் தங்கையார், எமக்கும் சின்னம்மா முறையானவர், உள்ளேயிருந்து வந்து சொன்னார்: "அக்கா பதினொரு வருசம் பார்த்துக்கொண்டிருந்தவ. மூண்டு ராத்திரி என்ன பெரிசோ?" அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. உடலை மலர்ச்சாலைக்கு எடுத்துச் செல்ல ஏற்பாடாயிற்று; செவ்வாய் காலை கிரியை என அறிவித்தோம்.

ஞாயிறு பகல் முழுவதும் இலண்டனிலிருந்து அவர் பலமுறை தொலைபேசியில் அழைத்தார். பேசுவதற்குப் பொருள் ஒன்றும் இல்லை. பந்தல் போட்டாயிற்றா, மழை பெய்ததா என்று கேட்பார். திங்கள் இரவு ஒன்பது ஐம்பதுக்கு வான் படலையில் வந்து நின்றது. சாவுக்கும் அந்தப் படலைக்கும் இடையே அறுபத்தைந்து மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும், நூற்றறுபத்துநான்கு நாழிகை. அதில் அவர் வானத்திலே இருந்தது பதினேழரை மணித்தியாலம், நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே கூட. எஞ்சியது யாவும் தரையில். பின்னொருநாள், வழியில் எப்பகுதி மிக நீண்டதாகத் தோன்றியது என்று கேட்டோம். இலண்டனில் இருந்த பன்னிரண்டு மணித்தியாலம் என்று சொல்வாரென எதிர்பார்த்தோம். "வவுனியாவுக்குப் பிறகு" என்றார்.

அடுத்த ஆண்டிலே, 2019 ஒக்டோபர் 17 ஆந் திகதி, பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. இது முற்றிலும் புதியதன்று. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவையே 1947 டிசம்பர் 10 ஆந் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. பலாலியிலிருந்து சென்னைக்கு வடக்கே நேராக 350 கிலோமீற்றரளவு. உந்துசுழலி விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம், மூன்று நாழிகை. இச்சேவை இல்லாத காலத்தில் நாம் என்ன செய்தோம்? சென்னைக்குப் போகவேண்டியவர் இரவிரவாகத் தெற்கே 400 கிலோமீற்றர் போய், கட்டுநாயக்காவில் ஏறி, வடக்கே 650 கிலோமீற்றர் பறந்தார். பூகோள உருண்டையிலே அந்த நூலையும் இறுக்கிப் பார்த்தோம். அது குடாநாட்டின் மேலாகவே செல்கிறது. முதல்நாள் மாலை பூட்டிவிட்டுப் புறப்பட்ட வீட்டின் கூரைக்கு மேலாக மறுநாள் பகலிற் பறந்து போனவர்கள் நாம். இதனைக் கேட்டு வகுப்பிலே எல்லோரும் சிரித்தார்கள். சிதம்பர தரிசனத்துக்கு ஆண்டுதோறும் அவ்வாறு சென்றுவந்த எமது அயல் வீட்டு முதியவருக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. 2020 இல் கொரோனாத் தொற்றினால் நின்ற இச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது, அவர் பிரயாணம் செய்யும் நிலையில் இல்லை. விமானத்தின் ஓசை கேட்டால் திண்ணையிலிருந்து அண்ணாந்து பார்ப்பார், நேரம் பார்த்துக்கொள்வார்.

இறுதியாக, யூபிலி நிறைவு விழாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வர எண்ணியிருக்கும் பழைய மாணவர்களுக்கு, வரவேற்புக் குழுவில் ஒருவராகிய எமது விண்ணப்பம் ஒன்று. விமானம் கட்டுநாயக்காவில் இறங்கும் நேரத்தை மாத்திரம் எழுதி அனுப்பற்க. எவ்வூரில் எப்போது ஏறுகிறீர்கள், எங்கே எத்தனை மணித்தியாலம் தங்குகிறீர்கள், கொழும்பிலிருந்து தெருவழியாக வருகிறீர்களா அன்றிச் சென்னை வழியாகப் பலாலியில் இறங்குகிறீர்களா என்பவற்றை முழுமையாக எழுதுக. குறிக்கும் நேரம் அவ்வூர் நேரமா இலங்கை நேரமா என்பதையும் மறவாது குறிப்பிடுக. விடுதியிற் கட்டில் ஒதுக்குவதும், இரவில் உலையிலே எத்தனை கொத்து அரிசி போடுவதென்பதும் அதனைப் பொறுத்தவை.